125 வருஷம் மண் வெட்டினால் ஒரு ஊசி

கணக்கு வாத்தியார்கள் யாராவது இருந்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் ஒரு நாள் கூலி 336 ரூபாய். ரத்தப் புற்றுநோய்க்கு நம் நாட்டிலேயே செய்த முதல் செல் சிகிச்சை விற்பனைக்கு வந்த புதிதில், ஒரு நோயாளி அதற்குக் கட்டிய தொகை 42 லட்சம் என்று பத்திரிகைகள் எழுதின. 42 லட்சத்தை 336ஆல் வகுத்தால் மிச்சமே இல்லாமல் 12,500 வருகிறது. எவ்வளவு அழகான கணக்கு! வருஷத்துக்கு 100 நாள் வீதம், எங்கள் பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டைப் பக்கம் ஏரியில் மண் வெட்டும் ஒரு பெண் 125 வருஷம் வெட்டினால் போதும். இடையில் சோறு தின்னக் கூடாது, பிள்ளைக்கு நோட்டு வாங்கக் கூடாது, கூலி பாக்கி விழக் கூடாது. 1900இல், கர்சன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோதே அவள் மண்வெட்டியைத் தூக்கியிருக்க வேண்டும். தாமதமாகப் பிறந்தது அவள் குற்றம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 டிசம்பரில் இந்த வேலைத் திட்டத்துக்குப் பார்லிமெண்டில் புதுச் சட்டம் கொண்டுவந்து, அதிலிருந்த காந்தி பெயரை எடுத்துவிட்டு, 100 நாளை 125 நாளாக்கியிருக்கிறார்கள். அந்த 125 நாளும் தவறாமல் வேலை கிடைத்தால் 125 வருஷம் 100 வருஷமாகக் குறைந்துவிடும். கால் நூற்றாண்டு தள்ளுபடி. ஏழைக்கு எதுவுமே செய்யவில்லை என்று இனி யாரும் பேசாதீர்கள்.

சிகிச்சையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மருந்தின் பெயர் நெக்ஸ்கார்19, கார்-டி செல் என்ற வகை. பம்பாய் ஐஐடியும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று ஜனாதிபதியே போய்த் தொடங்கி வைத்தார். நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல் என்ற வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுப்பார்கள். வீரியம் பிடுங்கிய வைரஸ் ஒன்றின் முதுகில் ஏற்றி ஒரு மரபணுவை அந்த அணுக்களுக்குள் நுழைப்பார்கள். அதுவரை புற்று அணு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் கண்டுகொள்ளாத டி செல்லுக்கு, அதன் மேலிருக்கும் சிடி19 என்ற அடையாளம் அப்போது பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கும். அதைக் கோடிக்கணக்கில் பெருக்கி, உறையவைத்து, திரவ நைட்ரஜன் கலத்தில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஒரு பையைத் தொங்கவிட்டு நரம்பில் ஏற்றினால், எலும்பு மஜ்ஜையோ நிணநீர்க் கணுவோ, நோய் எங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கே தானே தேடிப்போய்க் கொல்லும். மற்ற மருந்தெல்லாம் கைவிட்டவர்கள்தான் சோதனைக்கே வந்தார்கள். அவர்களில் 73 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது என்று 2025இல் லான்செட் குழும இதழில் கட்டுரை வந்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலை.

அந்தப் பையின் பயணத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். சைபருக்குக் கீழே 150 டிகிரிக்கும் தாழ்ந்த குளிர். வழியில் குளிர் குறைந்ததா என்று குறித்துக்கொண்டே வரும் கருவி. எந்த ஊரில் எத்தனை மணிக்கு யார் கையில் இருந்தது என்பதற்குக் கையெழுத்து. பை ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகளுக்குக்கூட இந்த மரியாதை கிடைத்ததில்லை.

இப்போது அந்தப் பை யாருக்காகச் செய்யப்பட்டதோ அந்த ஆளைப் பார்ப்போம். செந்துறைப் பக்கம் ஒரு இளைஞனுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல் விடவில்லை, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரியலூருக்கு எழுதுவார்கள். அரியலூரில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கு எழுதுவார்கள், அல்லது திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு. ஜெயங்கொண்டத்துக்காரராக இருந்தால் விவரம் தெரிந்த யாராவது, “பேசாம ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க மாமா” என்பார். ஒவ்வொரு இடத்திலும் புதுச் சீட்டு, புது வரிசை, முதலிலிருந்து அதே கேள்வி. கூடப் போகும் அண்ணனுக்குக் கூலி போகும். அம்மா காதில் கிடப்பது அடகுக்கடைக்குப் போகும். எந்த ஊரில் எத்தனை மணிக்கு எந்த வராந்தாவில் கிடந்தான் என்பதற்கு ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். உறைந்த செல்லுக்குத் தனிக் கலம், தனி ஆள். உயிரோடு இருக்கும் மனுஷனுக்கு டவுன் பஸ்ஸின் கடைசி சீட். உடம்புக்குள் சந்து பொந்தெல்லாம் வழி கண்டுபிடித்த நாட்டுக்கு, செந்துறைக்கு வழி தெரியவில்லை.

நவீன சிகிச்சையே எங்களுக்கு வந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூரை வெட்டி எடுத்தார்கள். 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூரை வெட்டினார்கள். 2002இல் மறுபடி ஒட்டினார்கள். 2007இல் தையலைப் பிரித்துத் திரும்ப வெட்டினார்கள். ஒரே நோயாளிக்கு இத்தனை அறுவைச் சிகிச்சை உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் நடந்திருக்காது. மயக்க மருந்துகூடக் கொடுக்கவில்லை. கேட்டால் நிர்வாக வசதி. இவ்வளவு வெட்டியும் பெரம்பலூருக்கு ஒரு அரசு மருத்துவக் கல்லூரி கிடைக்கவில்லை. தனியார் கல்லூரி இருக்கிறது. பணம் இருக்கிறவர்கள் சேரலாம். அரசாங்கம் எங்களிடம் அக்கறையோடு காப்பாற்றுவது சாத்தனூர்க் கல்மரத்தைத்தான். பல கோடி வருஷத்துக்கு முன்னால் செத்து, கல்லாகி, 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. வேலி உண்டு, பூங்கா உண்டு, தேசிய அந்தஸ்து உண்டு. எங்கள் மாவட்டத்தில் கவனிப்பு வேண்டுமென்றால் முதலில் கல்லாக வேண்டும்.

செல் சிகிச்சை நேற்று வந்தது, அதை விடுங்கள். பாம்புக்கடி மருந்து 1890களில் வந்தது. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப் பொருளை எடுத்து மனுஷனுக்கு ஏற்றும் வித்தை. இந்தியா முழுக்கப் போகும் இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் கறந்தது. ஆக பாம்பு நம்முடையது, விஷம் நம்முடையது, கடிபடும் காலும் நம்முடையது. மும்முனை மின்சாரம் ராத்திரியில் விட்டால் மக்காச்சோளக் காட்டுக்கு ராத்திரியில்தான் தண்ணீர் கட்டப் போக வேண்டும். வரப்பில் கட்டுவிரியன் கிடக்கும். கடிபட்டவரை பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவன் கட்டிப் பிடித்துக்கொண்டு போவான். போன இடத்தில் குப்பி இருக்க வேண்டும். குப்பி இருந்தால் டாக்டர் இருக்க வேண்டும். டாக்டர் இருந்தால், மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் சமாளிக்க ஆக்சிஜனும் ஆளும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பழைய பாட்டுதான்: “எழுதிக் கொடுக்கிறோம், திருச்சிக்குப் போயிடுங்க.” 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சந்தோஷம். இனி செத்தால் கணக்கிலாவது வருவோம்.

இன்சுலின் கதையும் கேளுங்கள். 1922 ஜனவரியில் டொரண்டோவில் ஒரு பையனுக்கு முதல் ஊசி. கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிழைக்கத் தெரியாத மனிதர்கள். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் எப்படி இருக்கும் தெரியுமா? பெரிய மண்பானையில் ஈர மணல், அதற்குள் ஒரு சின்னப் பானை, அதற்குள் பாலிதீன் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட குப்பி, மேலே ஈரத் துணி. கத்திரி வெயிலில் துணி காயக் காய நனைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை காலையில் ஒரு தடவை நனைத்துவிட்டுப் போகும். களையெடுத்துவிட்டு வரும் அம்மா மத்தியானம் ஒரு தடவை. மறுபக்கம் 1980லேயே லிம், சுன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், இன்சுலின் சுரக்கும் செல்களைக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கூழில் உருண்டை பிடித்து எலிக்குள் வைத்துக் காட்டிவிட்டார்கள். அந்த வகைப் பாசிக்காக ராமநாதபுரம் கடலில் கைவிரல் கிழிய முங்கி எடுப்பது நம் பெண்கள். 2025 மார்ச்சில் ஒரு அமெரிக்கக் கம்பெனி, செல்லை உறைக்குள் அடைத்துப் பொருத்தும் தன் கருவி போதிய பலன் தரவில்லை என்று நிறுத்தியது. அதே கம்பெனி உறையில்லாமல் செல்லை ஏற்றிய 12 பேரில் 10 பேர், ஒரு வருஷம் கழித்து இன்சுலின் ஊசியே இல்லாமல் இருந்தார்கள். வரட்டும், வாழட்டும். அதன் விலைப்பட்டியல் வரும் அன்றைக்கு எங்கள் பானையில் மணல் ஈரமாகத்தான் இருக்கும்.

விலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமா? தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் ‘16 கோடி ஊசி’. தசைகளை இயக்கும் நரம்பு அணுக்கள் கருகிப்போகும் முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய்க்கு, நல்ல மரபணுவைத் தீங்கில்லாத வைரஸில் ஏற்றி ஒரே தடவை ரத்தக் குழாயில் செலுத்தும் மருந்து. 2019 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி. விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர். இரண்டு வயதுக்குள் போட வேண்டும் என்பது அந்த அனுமதியின் நிபந்தனை. அதனால் பிள்ளையின் இரண்டாவது பிறந்தநாளை எண்ணிக்கொண்டு பெற்றவர்கள் வாட்ஸ்அப்பில் பிச்சை கேட்கிறார்கள். 2021இல் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்துக் குழந்தைக்கு ஊர் உலகமெல்லாம் பத்து ரூபாய், நூறு ரூபாய் என்று போட்டு 16 கோடியைத் தேற்றியது. அதற்கு மேல் இறக்குமதி வரி சுமார் 6 கோடி வந்து நின்றது. கெஞ்சிக் கூத்தாடிய பிறகு மத்திய அரசு தள்ளுபடி செய்தது. பிச்சைத் தட்டுக்கும் வரி போடும் ராஜ்ஜியத்தைப் புராணத்தில்கூட நான் படித்ததில்லை.

விற்ற கம்பெனிக்கு இரக்கமே இல்லை என்று சொன்னால் பாவம் வந்து சேரும். 2019 டிசம்பரில் நோவார்டிஸ் ஒரு திட்டம் அறிவித்தது: மருந்து விற்பனைக்கு வராத நாடுகளில் உள்ள குழந்தைகளுக்கு வருஷத்துக்கு 100 ஊசி இலவசம், யாருக்கு என்பதைக் குலுக்கலில் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்தார்கள், ஏழைக் குடும்பம் அழிகிறது என்று. பத்து ரூபாய்ச் சீட்டுக்குத் தடை; பச்சைக் குழந்தையின் முதுகெலும்பை வைத்துக் குலுக்கினால் அதற்குப் பெயர் கருணை.

வரியைப் பற்றிப் பேசும்போது ஜெய்சல்மரை மறக்கக் கூடாது. 2024 டிசம்பர் 21 அன்று அங்கே ஜிஎஸ்டி கவுன்சிலின் 55ஆவது கூட்டம். நாட்டின் நிதி மந்திரிகள் எல்லாரும் கூடி, உப்பு போட்ட பாப்கார்னைச் சில்லறையாக விற்றால் 5 சதவீதம், பாக்கெட்டில் அடைத்தால் 12, சர்க்கரைப் பாகு பூசினால் 18 என்று ஆராய்ந்து தெளிவுபடுத்தினார்கள். அதே கூட்டத்தில் மரபணு சிகிச்சைக்கு ஜிஎஸ்டி முழு விலக்கு என்றும் முடிவு செய்தார்கள். நல்ல முடிவுதான், மறுக்கவில்லை. வாங்கவே முடியாத பொருளுக்கு வரி இல்லை என்று கேட்டதும் குன்னம் தாலுகாவில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இனிச் சொல்லப்போவதில் கிண்டல் கிடையாது. உலகத்தின் முதல் கார்-டி செல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2017 ஆகஸ்ட் 30, புதன்கிழமை. விலை 4 லட்சத்து 75 ஆயிரம் டாலர். இனி உயிருள்ள அணுவே மருந்து என்று உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. அதற்கு இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை, அரியலூர் மாவட்டம் குழுமூரில் அனிதா உயிரை விட்டார். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200க்கு 1176. டாக்டராக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் வாசல்வரை போன பெண். செல்லுக்குள் மரபணுவை நுழைக்க வைரஸ் உண்டு. குழுமூர்ப் பெண்ணை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைக்க இருந்த ஒரே வழியையும் நீட் தேர்வு என்று அடைத்தார்கள். 2022 ஜனவரி 12 அன்று பிரதமர் காணொளியில் திறந்துவைத்த 11 கல்லூரிகளில் ஒன்று அரியலூருக்கு வந்தது, 150 இடங்களோடு. அதன் அரங்கத்துக்கு அனிதா பெயரை வைத்திருக்கிறார்கள். சட்டமன்றம் இரண்டு தடவை நிறைவேற்றி அனுப்பிய நீட் விலக்கு மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். சுவருக்குப் பெயர் வைக்க யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை.

“உயர்ந்த விஞ்ஞானம் ஐயா, விலை அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்குதானே என்பது அதன் இரண்டாவது அடி. அந்த மனப்பாடத்தை வேலூரில் போய் ஒப்பித்துப் பாருங்கள். ரத்தம் உறையாத ஹீமோபீலியா நோயின் கடுமையான வகை உள்ள ஐந்து பேருக்கு, சிஎம்சி மருத்துவமனையில் அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்களையே எடுத்து, உறைபொருளுக்கான மரபணுவை ஏற்றித் திரும்பச் செலுத்தினார்கள். கண்காணித்த காலம் முழுக்க ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவே இல்லை. 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. இதே நோய்க்கு 2023இல் அமெரிக்காவில் இறக்கிய ஒரு மரபணு மருந்தின் விலை 29 லட்சம் டாலர். ஆக, கை நம்மிடம் இருக்கிறது, மூளை நம்மிடம் இருக்கிறது. ஐஐடியும் டாடா மெமோரியலும் நடப்பது நம் வரிப்பணத்தில்; தீப்பெட்டி வாங்கும்போதுகூடப் பங்கு போட்டிருக்கிறோம். பங்கு போட்ட மருந்தை விலை கொடுத்து வாங்கும் இடத்தில் மட்டும் நாங்கள் அந்நியர்.

சட்டமும் இருக்கிறது. 2012 மார்ச்சில், மாசம் 2 லட்சத்து 80 ஆயிரம் ஆன ஒரு புற்றுநோய் மாத்திரையைக் கட்டாய உரிமம் கொடுத்து ஹைதராபாத் கம்பெனி ஒன்றைச் செய்யச் சொன்னது இந்திய அரசு. விலை 8,800 ரூபாய்க்கு இறங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பேனாவை மூடி வைத்தவர்கள் இன்னொரு மருந்துக்காகத் திறக்கவே இல்லை. மாநிலத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம்; மாற்று அறுவைச் சிகிச்சை போன்ற சில பெரிய சிகிச்சைகளுக்குத் தனித் தொகுப்பு நிதி. 42 லட்சத்தில் 5 போக மீதி 37க்கு என்ன செய்வது என்று எந்த மேடையிலும் எவரும் சொன்னதில்லை. அரியலூர் மேடையில் இதைக் கேட்க ஒரு உரிமை எங்களுக்கு உண்டு. 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய்த் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது இங்கேதான். நூற்றுக்கு மேல் சாவு. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டுப் போனார். பாலத்தை அவர் கட்டவில்லை, மழையை அவர் வரவழைக்கவில்லை. மருந்து இருந்தும் எட்டாமல் செத்த உயிர்களுக்கு இன்று பதவி விடச் சொல்லவில்லை. பதில் சொல்லச் சொன்னாலே கூட்டம் முடிந்து கார் கிளம்பிவிடுகிறது.

நிஜ மருந்து வராத ஊருக்குப் போலி மருந்து முதல் பஸ்ஸில் வரும். ஒரு முகாமைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கஷ்டமே இருக்காது, உங்கள் ஊர் நாலு ரோட்டிலேயே பிளெக்ஸ் தொங்கும். முறுக்கிய ஏணி மாதிரி மரபணுப் படம், சிரிக்கும் வெள்ளைக்காரத் தம்பதி, ‘அறுவைச் சிகிச்சை இன்றி மூட்டு வலிக்கு நிரந்தரத் தீர்வு, ஸ்டெம் செல் முறையில், இலவச ஆலோசனை’. கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. சின்ன வெங்காயம் நட்டு, களையெடுத்து, அறுத்து, எல்லாவற்றையும் குனிந்தே செய்து முட்டி தேய்ந்த ஐம்பது கிழவிகள் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள்.

“உங்க கொழுப்புலேருந்தே எடுத்து உங்களுக்கே போடுறோம்மா. சைடு எஃபெக்ட் கிடையாது.”

“என் உடம்புல ஏது தம்பி கொழுப்பு?”

“இருக்கும்மா, எல்லார்கிட்டயும் இருக்கு. தவணையும் இருக்கு.”

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டி நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன: ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற அங்கீகரித்த சிகிச்சைகள் தவிர, ஸ்டெம் செல்லை வேறு எதற்குக் கொடுத்தாலும் அது பதிவு செய்த பரிசோதனையாக மட்டுமே இருக்க வேண்டும், விளம்பரம் செய்யக் கூடாது. அறிவியலும் முகாம்காரர்கள் பக்கம் இல்லை. இந்த வகைச் செல்களை நரம்பில் ஏற்றினால் பெரும்பாலானவை முதலில் நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய் மாட்டிக்கொள்ளும். முட்டிக்கும் மூளைக்கும் போய்ச் சேருவது சொற்பம். அரியலூர்க்காரர் நுரையீரலில் அதற்கு இடம் கிடைப்பதும் சந்தேகம். சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி முன்னாலேயே வந்து பட்டா வாங்கிவிட்டது.

வளைகாப்பு வீட்டுக்கும் ஒரு விருந்தாளி வருவார். தொப்புள்கொடி ரத்தத்தை வங்கியில் போட்டுவைத்தால் பிள்ளைக்கு ஆயுசு முழுக்கக் காப்பீடு என்பார். எதிர்காலத்தில் தனக்கே பயன்படும் என்று தனியார் வங்கியில் சேமிப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்லிவிட்டன. அந்த ரத்தத்தைப் பிள்ளையின் உடம்புக்குள்ளேயே சேர்க்க ஒரு வழி உண்டு: பிறந்ததும் ஒரு நிமிஷமாவது பொறுத்துக் கொடியை அறுப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இது, சோகை குறையும். செலவு ஒரு பைசா இல்லை. இதை விளம்பரம் செய்ய ஒரு ஏஜெண்டும் இல்லை, கமிஷன் வராதே.

ஆகவே, இதைப் படிக்கிற பெரம்பலூர், அரியலூர் மக்களே, அடுத்த தடவை எவனாவது செல் சிகிச்சை என்று மண்டபம் பிடித்தால் நேராக எழுந்து நின்று கேளுங்கள்: பரிசோதனையா, சிகிச்சையா? பரிசோதனை என்றால் சிடிஆர்ஐ என்ற மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் பதிவு எண் எங்கே? நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே? பரிசோதனைக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. வாங்கினால் அது மோசடி. பில் கேளுங்கள், பிளெக்ஸைப் போட்டோ எடுங்கள், இரண்டையும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் இன்னொரு நகலும் கொடுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அந்த 37 லட்சத்துக்கு வழி கேளுங்கள். பதில் சொல்லாமல் கும்பிட்டால் நீங்களும் கும்பிட்டுவிட்டு, வேறு ஆளைப் பாருங்கள்.